மருது பெட்டியை மாற்றுவது குறித்து

கே.கே. நகர், மதுரை.
11.9.2024, புதன்கிழமை.

அன்புத் தம்பி செல்வக்குமாருக்கு,

நம் பெட்டியின் உருவத்தை மாற்றலாமா, கூடாதா? போன வாரம் போனில் நீ கேட்ட இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இருபத்து நான்கு வருடமாகக் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள், தெரியவில்லை என்று எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுவே முதல் தடவை. புனேயில் நீயும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவது முறை; எழுதிவிட்டேன். அண்ணன் பதினான்கு நாளாக என்னோடு பேசவில்லை என்பதையும் அதோடு சேர்த்துப் படித்துக்கொள்.

இதைப் போனில் சொன்னால் நீ நடுநடுவே சிரிப்பாய். இது சிரிக்கிற விஷயம் இல்லை. மேலும் இந்த உறையில் ஒரு தாளும் வருகிறது. அப்பா எழுதிவைத்தபடி மருது ஆம்ப்ளிஃபையரின் உருவத்தில் எதை மாற்றினாலும் நாம் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் போட்டுவிட்டார். "அக்கா, நீ போட்டா நானும் போடுறேன், நீ போடலைன்னா நானும் போடல" என்று நீ சொல்லிவிட்டாய். அதை நீ மரியாதை என்று நினைத்துச் சொல்லியிருக்கலாம். கொரியர் செலவை மிச்சப்படுத்தியதைத் தவிர அதில் வேறு உதவி எதுவும் எனக்குத் தெரியவில்லை. நாளை காலை பத்து மணிக்குள் சம்மதம் சொன்னால் கோயம்புத்தூரில் புதிய பெட்டிக்கு அச்சு வெட்டுகிறவர் வேலையைத் தொடங்குவார். சம்மதம் இல்லையென்றால், இனிமேல் பட்டறைப் பக்கமே வரப்போவதில்லை என்று அண்ணன் வஹீது பாயிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். கோச்சடைப் பட்டறையை முப்பத்தொரு வருடமாகத் திறந்து பூட்டுகிறவர் அவர். மிரட்டுவதற்காகப் பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை என்பது உனக்கும் தெரியும்.

முதலில் பழைய பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தேக்குப் பெட்டி, பதினான்கு கிலோ, ஊசி ஆடும் இரண்டு கண்ணாடி, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குமிழ், ஒரு பச்சை விளக்கு. சென்னையிலிருந்து ஒருவர் வந்து இதைப் படம் பிடித்துப் போய், 'காலத்தை வென்ற வடிவம்' என்று இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார். காலம் எந்த அளவுக்குத் தோற்றது என்பதை நான் பட்டறையின் பழைய காகிதங்களில் பார்த்தேன். ஒரு பள்ளிக்கூடம் ஆய்வுக்கூடத்துக்குப் பெட்டி செய்யச் சொல்லிவிட்டுக் கடைசியில் வேண்டாம் என்றது, வெட்டிய பலகை இருநூறு பெட்டிக்கு மீந்து கிடந்தது, அப்பா வாங்கிப்போட்டார். உருவம் அப்படித்தான் வந்தது. குமிழ் பெரிதாக இருப்பதற்குக் காரணம், சின்னக் குமிழ் அன்று கடையில் இல்லை. விளக்கு பச்சையாக இருப்பதற்கும் அதுவே காரணம். ஆகவே அப்பாவின் வடிவத்தில் கை வைக்கலாமா என்று நான் கண் கலங்கவில்லை. அப்பாவே கலங்கியிருக்க மாட்டார்.

புதிய பெட்டி அண்ணன் செய்தது. கறுப்பு. இரண்டு கணக்கு நோட்டை அடுக்கிய கனம்தான் இருக்கும். குமிழ் இல்லை, ஊசி இல்லை. ஸ்பீக்கரும் பேட்டரியும் உள்ளேயே இருக்கின்றன. போனில் தொட்டால் பாடும். இரண்டு வருடம் இதை வரைந்து, அழித்து, திரும்ப வரைந்திருக்கிறார். முப்பத்தொரு வருடத்தில் அவர் தானாக வரைந்த முதல் பெட்டி இதுதான் என்பதை அவர் எங்கேயும் சொல்லவில்லை. நானாகக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தேன். வியாபாரக் காரணத்தை மட்டும் சொன்னார். இப்போது கட்டுகிற வீடுகளில் பழைய பெட்டியை வைத்தால் ஆள் நிற்க இடம் இருக்காது என்றார். அது உண்மைதான்.

பழைய பெட்டியை மாற்றக்கூடாது என்று வஹீது பாயாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இருபத்தாறு வருடமாக அதற்குள் கை விட்டு வேலை பார்க்கிறவர். "பாய், உங்களுக்கு வருத்தமா இருக்காதா?" என்று கேட்டேன்.

"எதுக்கும்மா?"

"இத்தனை வருஷமா செஞ்ச பெட்டியாச்சே."

"ஜோதிம்மா, அந்தா இருக்குல்ல, அத இந்த மேசையில இருந்து அந்த மேசைக்குத் தூக்கி வச்சிட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்."

தூக்கினேன். பாதி தூரத்தில் கீழே வைத்துவிட்டேன்.

"இடுப்புக்குப் பெல்ட்டு போட்டிருக்கேன், பாருங்க. டாக்டரு போடச் சொல்லி மூணு வருசமாச்சு. உங்க அண்ணன் சின்னப் பொட்டி வரையிறாருன்னு கேட்டதும் நான் பள்ளிவாசல்ல ரெண்டு ரக்அத் அதிகமாத் தொழுதேன்."

ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கும்போது சோதனை செய்து பார்ப்பதுதான் என் வழக்கம். என் வீட்டுக் கூடத்தில் இரண்டு பெட்டிகளையும் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெள்ளை வேட்டியைப் போட்டு மூடி, அக்கம்பக்கத்திலிருந்து இருபத்திரண்டு பேரைக் கூப்பிட்டு, ஒரே பாட்டை இரண்டிலும் போட்டு, எது நன்றாக இருக்கிறதோ அதைக் கை காட்டுங்கள் என்றேன். நான்கு பேர் பாட்டு தொடங்குவதற்கு முன்பே வேட்டியைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவர் உள்ளே சாமி சிலை இருப்பதாக நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு எண்ணினேன். பத்தொன்பது பேர் வலப்பக்கம் இருந்த பழைய பெட்டியைக் காட்டினார்கள். இவ்வளவு தெளிவான முடிவு என் வேலையில் எனக்குக் கிடைத்ததே இல்லை. தெளிவாக இருந்ததால் சந்தேகப்பட்டு, மறுநாள் இடம் மாற்றி வைத்து, அதே ஆட்களை அழைத்தேன். இருபது பேர் வலப்பக்கம் இருந்த புதிய பெட்டியைக் காட்டினார்கள். எதிர்வீட்டு அம்மாவிடம் நேற்று ஒன்று சொன்னீர்கள், இன்று வேறொன்று சொல்கிறீர்களே என்று கேட்டேன். "நீங்க கையக் காட்டச் சொன்னீங்க டீச்சர். நல்லா இருக்கறத எடது கையால எப்பிடிக் காட்டுறது? வலது கைக்கு எது பக்கத்துல இருக்கோ அதத்தான காட்ட முடியும்?" என்றார். இரண்டு நாளும் சேர்த்துப் போட்ட காப்பி நாற்பத்து நான்கு டம்ளர். முடிவு ஒன்றும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் நல்லகாமன் வந்தார். செல்லம்பட்டிப் பக்கம் வாழைக்காய் வியாபாரம் செய்கிறவர். அவருடைய அக்காள் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீரில் நம் பெட்டி ஒன்றைத் தட்டில் வைத்துக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டு வந்திருக்கிறார். சோதனைக்குச் செய்துவைத்திருந்த புதிய பெட்டி ஒன்றை அண்ணன் அவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். காதுகுத்து ஞாயிற்றுக்கிழமை நடந்தது. திங்கட்கிழமை காலை நான் பட்டறையில் இருந்தபோது நல்லகாமன் பெட்டியோடு உள்ளே வந்தார். பெட்டி இன்னும் தாம்பாளத்திலேயே இருந்தது. சுற்றிலும் வெற்றிலை.

"அழகுபாண்டியண்ணே, நீங்க எனக்குத் துரோகம் பண்ணிட்டீக."

"என்னப்பா, பாடலையா?" என்றார் அண்ணன்.

"பாடுச்சுண்ணே. அதான் வெனையே."

"உக்காந்து சொல்லு."

"நின்னுக்கிட்டே சொல்றேன். பதினோரு தட்டு. கெடா ரெண்டு. மேளம் ஒரு செட்டு. எல்லாத்துக்கும் முன்னால நான் இந்தப் பொட்டியத் தாம்பாளத்துல வச்சுத் தூக்கிட்டுப் போறேன். எங்க அக்கா மாமியா ரெங்கம்மா பந்தல் வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டு, 'என்ன நல்லகாமா, தட்ட மட்டும் தூக்கிட்டு வார, பொட்டிய வேன்லயே மறந்துட்டியா'ங்குது. பொட்டி தட்டுலதாண்ணே இருக்கு! அதுக்குக் கண்ணுக்குத் தெரியல. அம்புட்டுச் சனமும் சிரிக்குது."

அண்ணன் தாம்பாளத்து வெற்றிலையைத் தள்ளிவிட்டுப் பெட்டியைப் பார்த்தார்.

"சரி, பாடுறதயாச்சும் கேக்கட்டும்னு போனத் தொட்டேன். சாமி பாட்டு. கணீர்னு பாடுச்சு. பொய் சொல்லக் கூடாது, ரெண்டு நிமிசம் எல்லாரும் வாயப் பொளந்துட்டு நின்னாக. அந்நேரம் பாத்து என் பொண்டாட்டி முத்துத்தாயி பின்னால வேன்ல இருந்து போன் போட்டுட்டா. நான் காதுல வச்சு அலோங்கறேன், காதுல ஒண்ணும் கேக்கல. பந்தலு பூராம் கேக்குது."

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

"'ஏங்க, அந்தத் தீப்பெட்டியத் தூக்கிக்கிட்டு முன்னால போவாதீக. அந்த ரெங்கம்மா வாயில போயி விழுகாதீக. போன தடவ நம்ம போட்ட மோதரத்தயே பித்தளையான்னு செவுத்துல ஒரசிப் பாத்த கெழவி அது' அப்படிங்கறா. டீச்சர், அந்தக் கெழவி எனக்கு எதுக்கதான் நிக்குது. மேளக்காரன் கூட நிப்பாட்டிட்டான்."

வஹீது பாய் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"கெழவி எந்திரிச்சு வீட்டுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிருச்சு. முக்கா மணி நேரம் காது குத்தல. ஆசாரி கையில ஊசி, புள்ள என் மடியில. எங்க அக்கா ஒரு பக்கம் அழுகுது. மச்சான் என்னய மொறைக்கிறாரு. கடைசியில ஊரே கூடிக் கதவத் தட்டிக் கூட்டியாந்தாக. அதுக்குள்ள புள்ள தூங்கிப் போச்சு, தூக்கத்துலயே குத்துனோம்."

அண்ணன் இதையெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிறகு, இரண்டு வருடமாக யாரிடமாவது கேட்கக் காத்திருந்ததைக் கேட்டார். "அதெல்லாம் சரி நல்லகாமா. சத்தம் எப்படி இருந்துச்சு? தெளிவு இருந்துச்சா?"

"என் பொண்டாட்டி மூச்சு விட்டதே கேட்டுச்சுண்ணே."

அண்ணனின் முகத்தில் ஒரு கணம் தெரிந்ததை நான் பார்த்தேன். அதை வேறு எந்தச் சொல்லாலும் எழுத முடியாது, சந்தோஷம்தான். நல்லகாமன் அதைக் கவனிக்கவில்லை. "எனக்குப் பழைய பொட்டியக் குடுங்க. அது பாடணும்னுகூட இல்ல. ரெண்டு ஆளு சேந்து தூக்கணும், அம்புட்டுத்தான்" என்று சொல்லி, புதிய பெட்டியைத் தாம்பாளத்தோடு மேசையில் வைத்துவிட்டு, பழையதை வஹீது பாயும் அவருமாகச் சேர்ந்து தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பாய் அன்று மாலை வரை உட்காரவில்லை, உட்கார முடியவில்லை.

அன்று இரவே அண்ணன் அந்தப் பெட்டியைத் திறந்து, போன் வந்தால் பேச்சு வெளியே கேட்காதபடி சரிசெய்துவிட்டார். ஆனால் அளவுக்கு என்ன செய்வது? அந்த வாரம் புதன்கிழமை என்னைக் கூப்பிட்டனுப்பி ஒன்றைக் காட்டினார். பழைய தேக்குப் பெட்டி. திறந்தால் உள்ளே புதிய பெட்டி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. மீதி இடத்தில், கனத்துக்காக, பஞ்சு சுற்றிய இரண்டு செங்கல்.

"சீருக்கு வாங்குறவங்களுக்கு இது. வீட்டுக்கு வாங்குறவங்களுக்கு அது. ரெண்டு தரப்பும் திருப்தி" என்றார் அண்ணன்.

"செங்கல்லுக்கு வாரண்டி எத்தன வருசம்ணே போடுறது?" என்று கேட்டார் வஹீது பாய். அவர் கேலியாகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

நான் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன். "அண்ணே, செங்கலை விற்க என்னால கையெழுத்துப் போட முடியாது."

"அப்ப நீயே ஒரு பொட்டி செஞ்சு குடு தாயி. காலேசுல சொல்லிக் குடுத்திருப்பாகல்ல" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு நான் போனால் அவர் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொள்கிறார்.

இந்தப் பதினான்கு நாளும் நான் சும்மா இருக்கவில்லை. போன வருடத்து விற்பனைப் பதிவேட்டை வாங்கிப் பெயர் பெயராகப் பார்த்தேன். நாம் விற்ற நூற்று நாற்பது பெட்டிகளில் தொண்ணூற்று மூன்று ஏதோ ஒரு விசேஷத்துக்குச் சீராகப் போயிருக்கின்றன. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுவீடு. சிலரை நேரிலும் போய்ப் பார்த்தேன். ஒரு வீட்டில் பெட்டிக்குச் சரிகை வைத்த உறை தைத்துப் போட்டிருந்தார்கள். அதைக் கழற்றியதே இல்லையாம். இன்னொரு வீட்டில் அது பாடுமா என்று கேட்டதற்கு, பாடும் என்றுதான் என் தம்பி சொன்னான் என்று பதில் வந்தது. நாகமலை புதுக்கோட்டையில் ஒரு பேராசிரியர் வீட்டில் மட்டும் பாட்டுக் கேட்கிறார்கள், அதுவும் குமிழைத் திருப்புகிற உரிமை தனக்கு மட்டும்தான் என்று அவர் வைத்திருப்பதால்.

ஆகவே, தம்பி, நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். கேள்விக்குப் பதில் தெரியாது என்று மேலே எழுதியது எழுதியபடி இருக்கட்டும். பதில் தெரியாமலும் முடிவு எடுக்கலாம் என்று என் பாடத்திலேயே இருக்கிறது. நம்மிடம் பெட்டி வாங்குகிறவர்கள் ஓசையை வாங்கவில்லை. ஊர் முன்னால் தெருவில் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வருகிற ஒரு பாரத்தை வாங்குகிறார்கள். அந்தப் பாரம் உண்மையான பாரமாக இருக்க வேண்டும். செங்கலாக இருக்கக் கூடாது. பழைய பெட்டி அப்படியே இருக்கட்டும். தாளில் என் இடத்தைக் காலியாகவே விட்டு வைத்திருக்கிறேன். நீயும் போடாதே. நாளைக் காலை கோச்சடைக்குப் போய் இதை அண்ணனிடம் நேரில் சொல்லிவிட்டுப் பிறகு இந்தக் கடிதத்தைக் கொரியரில் போடுவேன். அண்ணன் வருத்தப்படுவார். ஒரு மாதத்தில் சரியாகிவிடுவார் என்று எழுத நினைத்தேன். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும், நேரத்துக்குத் தூங்கட்டும், சொந்தத்தில் மூன்று பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுகிற தொழில் எதுவும் அவர்களுக்கு அமையாமல் இருக்கட்டும் என்று வாழ்த்துகிறேன்.

உன் அக்கா,
நாகஜோதி

பின்குறிப்பு. 12.9.2024, வியாழக்கிழமை.

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒன்பதரைக்குப் பட்டறைக்குப் போனேன். அண்ணன் மேசையில் புதிய பெட்டியைப் பிரித்து, ஸ்குரூக்களைச் சின்னச் சின்னக் காகித உறைகளில் போட்டு, மேலே எண் எழுதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. வஹீது பாய் என்னை வாசலுக்குக் கூட்டிப்போய், "நேத்து சாயங்காலமே கோயம்புத்தூருக்குப் போன் போட்டு வேணாம்னுட்டாரும்மா. நீங்க போட மாட்டீங்கன்னு அவருக்குத் தெரியுமாம். நீங்க வந்து உங்க வாயால சொல்ற மாதிரி வைக்க வேணாம்னாரு" என்றார்.

நான் சொல்ல வந்ததைச் சொல்லத் தேவையில்லாமல் போனது. திரும்பிப் போய்விடலாமா என்று நின்றபோது ஓர் ஆட்டோ வந்து நின்றது. நல்லகாமன் முன்னால் இறங்கினார். பின்னால் வெள்ளைச் சேலையில் ஒரு வயதான அம்மாள் இறங்கி, யாரையும் கேட்காமல் உள்ளே வந்தார்.

"எங்கடா அந்தப் பேசுற பொட்டி?"

"இதுதான் எங்க அக்கா மாமியா, ரெங்கம்மா" என்றார் நல்லகாமன் எங்களிடம்.

அண்ணன் எழுந்து நின்றார். "பழைய பொட்டிதான் இருக்கு ஆத்தா. புதுச நிறுத்தியாச்சு."

"பழச எவன் கேட்டா? அத வீட்டுக்குள்ள வச்சதுல இருந்து நான் படுக்க எடம் இல்ல. அடுத்த மாசம் என் மக வயித்துப் பேத்திக்கு வளைகாப்பு. அவ மாமியாகாரிக்கு நான் சொல்ல வேண்டியது நாலு வார்த்த இருக்கு. நேர்ல சொன்னா சண்டையாயிரும். இந்தா, இவன் பொண்டாட்டி என்னய அம்புட்டுப் பேசுனாளே, ஊரே கேட்டுச்சே, அவள யாராச்சும் ஒரு வார்த்த கேட்டீகளா? 'நான் போன்லதான் பேசுனேன், பொட்டி கத்திருச்சு'ன்னுட்டுப் பந்தியில உக்காந்து ரெண்டு தடவ பாயசம் வாங்குனா. எனக்கும் அந்தப் பொட்டிதான் வேணும். சின்னதா இருக்கறதும் நல்லதுதான். எங்க வச்சிருக்கேன்னு எவளுக்கும் தெரியாது."

"அந்தக் குறையச் சரி பண்ணிட்டேன் ஆத்தா. இனிமே போன் பேச்சு வெளிய கேக்காது" என்றார் அண்ணன்.

"அதச் சரி பண்ணாத அப்பு" என்றார் ரெங்கம்மாள்.

"எப்படியும் விக்க முடியாது ஆத்தா. நிறுத்தியாச்சு."

"யாரு நிறுத்துனா?"

அண்ணன் என் பக்கம் பார்க்கவில்லை. ஸ்குரூ உறை ஒன்றை எடுத்து, ஏற்கெனவே எழுதியிருந்த எண்ணின் மேலேயே மறுபடி எழுதினார். வஹீது பாய் மட்டும் என்னைப் பார்த்தார். அந்த அம்மாளும் பார்த்தார்.

"நீதான் அந்தப் படிச்ச புள்ளையா? நீ அதுல ஒரு பாட்டாச்சும் போட்டுக் கேட்டியா?"

"இருபத்திரண்டு பேருக்குப் போட்டுக் காட்டினேன்" என்றேன்.

"நீ கேட்டியான்னேன்."

நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை. அதைச் சொன்னேன்.

ஒரே ஒருவரின் அபிப்பிராயத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்பதை நான் இருபத்து நான்கு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அது இன்றைக்கும் சரிதான். மேலே நான் எழுதிய காரணங்களும் எல்லாமே சரிதான். ஒன்றையும் அடிக்க வேண்டியதில்லை. கைப்பையிலிருந்து இந்தக் கடிதத்தின் உறையை எடுத்து, உள்ளேயிருந்த தாளைப் பிரித்து, மேசையில் ஸ்குரூ உறைகளை ஒதுக்கிவிட்டு, என் இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வஹீது பாய் கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். மணி பத்துக்கு ஏழு நிமிடம் இருந்தது. அச்சு வெட்டுகிறவர் நமக்கு ஒதுக்கிய இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம்.

அண்ணன் தாளைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"தேதி போடல" என்றார்.

பதினைந்து நாளில் என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு. போட்டேன்.

நீயும் தேதியோடு போட்டு அனுப்பு.